மதியிறுக்கமும் மூளையின் மொழிப் பகுதிகளும்

மதியிறுக்கம் அல்லது ஆட்டிசம் என்பது மூளை வளரும் முறையில் ஏற்படும் வேறுபாடு. பிறரோடு பழகுதல், பேச்சு, சைகை ஆகியவற்றில் சிரமம், ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல், ஒலி, ஒளி, தொடுகை போன்றவற்றுக்கு அளவுக்கு மீறியோ குறைந்தோ எதிர்வினை காட்டல் ஆகியவை இதன் முதன்மை அடையாளங்கள். தமிழக அரசு ஆவணங்களில் ‘புற உலக சிந்தனையற்றோர்’ என்ற தொடரும் இதற்கு வழங்குகிறது. இத்தகைய குழந்தைகளில் பலர் புற உலகை மற்றவர்களைவிட உன்னிப்பாகக் கவனிப்பவர்கள் என்பதால் அது பொருத்தமான பெயரன்று.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பணியாற்றிய லியோ கானர் 1943இல் இந்நிலையை முதன்முறையாக விரிவாக விவரித்தபோது 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார். அவர்களுள் எட்டுப் பேர் பேசினர், மூவர் பேசவில்லை. இந்த வேறுபாடு இன்றுவரை ஆய்வாளர்களை விடாமல் தொடர்கிறது. ஒரே பெயரிட்ட நிலையில் உள்ள இரு குழந்தைகளில் ஒன்று சரளமாகப் பேசுகிறது, மற்றொன்று ஐந்து வயதிலும் ஒரு சொல்லும் சொல்வதில்லை. ஏன்?

இராமநாதபுரம், இராமேசுவரம் கரையோரத்திலும் தமிழகத்தின் பிற பகுதிகளிலும், மூன்று வயதாகியும் பேசாத பிள்ளைக்கு முதலில் சொல்லப்படும் காரணம் நாக்கு. நாக்குத் தடித்திருக்கிறது என்பார்கள். வசம்பைச் சுட்டுத் தேனில் இழைத்துத் தடவுவார்கள். ஆண் பிள்ளை தாமதித்துத்தான் பேசும் என்று ஆறுதல் சொல்பவர்களும் உண்டு. நாக்கில் ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகு, தலையை ஸ்கேன் எடுத்தால் காரணம் அகப்படும் என்ற நம்பிக்கை பிறக்கிறது. மொழித்திறனோடு தொடர்புடைய மூளைப் பகுதிகளை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் அந்தக் கண்டுபிடிப்புகள் குழுக்களின் சராசரியைப் பற்றியவை. பாம்பனிலோ தங்கச்சிமடத்திலோ உள்ள ஒரு குறிப்பிட்ட குழந்தை பேசுமா, பேசாதா என்பதை ஒரு மூளைப்படத்தால் இன்று சொல்ல முடியாது. இவ்விரண்டுக்கும் உள்ள தொலைவைப் புரிந்துகொள்ளாததால் குடும்பங்கள் பணத்தையும், அதைவிட அரிதான ஆரம்ப ஆண்டுகளையும் இழக்கின்றன.

மூளையில் பேச்சின் இடம்

1861இல் பாரிசு நகரில் பால் புரோக்கா என்ற அறுவை மருத்துவர், ‘டான்’ என்ற ஒற்றை அசையைத் தவிர வேறெதுவும் சொல்ல இயலாத ஒரு நோயாளியைக் கண்டார். பிறர் பேசியது அந்த நோயாளிக்கு விளங்கியது. வாயும் நாக்கும் அசைந்தன. அவர் இறந்தபின் மூளையைப் பார்த்தபோது இடப்புற முன்மடலின் கீழ்ப்பகுதி சிதைந்திருந்தது. அந்த இடமே புரோக்கா பகுதி எனப்படுகிறது. 1874இல் செருமனியின் கார்ல் வெர்னிக்கே இதற்கு எதிரான வகையை விவரித்தார்: பேச்சு தடையின்றி ஓடும், பொருள் இராது, பிறர் பேச்சும் விளங்காது. இந்நோயாளிகளுக்குச் சிதைந்திருந்தது இடக் காதுக்கு மேலே அமைந்த பொட்டு மடலின் மேல்வரிசைப் பின்பகுதி. இது வெர்னிக்கே பகுதி.

இரு பகுதிகளையும் வில்போல் வளைந்து செல்லும் ஒரு நரம்பிழைக் கற்றை இணைக்கிறது. பள்ளிப் பாடநூல்கள் பெரும்பாலும் இத்துடன் நின்றுவிடும். இன்றைய படம் இதைவிடச் சிக்கலானது. ஒலியை வாங்கும் புறணி, முகத்தையும் குரலையும் சேர்த்து உணரும் பகுதி, சிறுமூளை, மகிழ்ச்சியையும் ஆர்வத்தையும் தூண்டும் ஆழ்மூளைப் பகுதிகள் எல்லாம் பேச்சில் பங்கேற்கின்றன. பெரும்பாலோருக்கு இந்த வேலையில் இடப்பக்கத்தின் கை ஓங்கியிருக்கும். பிறந்த முதல் சில ஆண்டுகளில் அது மேலும் உறுதிப்படும்.

ஆய்வுகள் கண்டவை

மதியிறுக்கமுள்ள சிறுவர்களின் மூளை அமைப்பை அளந்த தொடக்க ஆய்வுகள், புரோக்கா பகுதியில் வழக்கமான இட-வல வேறுபாடு தலைகீழாக இருப்பதைக் கண்டன. இது மதியிறுக்கத்தின் அடையாளம் என்று கருதப்பட்டது. 2004இல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வு அதைக் கலைத்தது. பேச்சுச் சிரமம் உள்ள மதியிறுக்கச் சிறுவர்களிடம் அந்தத் தலைகீழ் இருந்தது; மதியிறுக்கமே இல்லாமல் மொழி வளர்ச்சிக் குறைபாடு மட்டும் உள்ள சிறுவர்களிடமும் இருந்தது; நன்றாகப் பேசும் மதியிறுக்கச் சிறுவர்களிடம் இல்லை. ஆக அந்த அடையாளம் மொழிச் சிரமத்துடையது. எண்ணிக்கையில் சிறியதாயினும், இத்துறையில் கேள்வியைச் சரியாகப் பிரித்த ஆய்வு இது.

அதே 2004இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மார்செல் ஜஸ்ட் குழுவினர், நன்றாகப் படிக்கவும் பேசவும் தெரிந்த மதியிறுக்கமுள்ள 17 பேரையும் மற்ற 17 பேரையும் செயற்பாட்டு எம்ஆர்ஐ கருவிக்குள் வாக்கியங்களைப் படிக்கச் செய்தனர். யார் செய்தார், யாருக்குச் செய்தார் என்று பதில் சொல்ல வேண்டும். மதியிறுக்கக் குழுவில் வெர்னிக்கே பகுதி கூடுதலாகவும் புரோக்கா பகுதி குறைவாகவும் இயங்கின. அதைவிட முக்கியமாக, பகுதிகள் ஒன்றோடொன்று ஒத்திசைந்து இயங்குவது குறைந்திருந்தது. தனிச் சொற்களில் கூர்மை, அவற்றை வாக்கியப் பொருளாகக் கோப்பதில் தளர்ச்சி என்று இதை ஜஸ்ட் விளக்கினார். ‘தொடர்புக் குறைவு’ என்ற கோட்பாடு இங்கிருந்து வலுப்பெற்றது.

இதை விளக்கப் பாம்பன் பாலத்தைவிட நல்ல உவமை கிடைப்பது அரிது. 1964 டிசம்பர் புயலில் 1914ஆம் ஆண்டின் ரயில் பாலம் சிதைந்தபோது மண்டபம் நிலையமும் இருந்தது, இராமேசுவரம் நிலையமும் இருந்தது. இடையே வண்டி ஓடவில்லை. ஆயினும் உவமை ஓர் இடத்தில் தவறிவிடும். மதியிறுக்கத்தில் எந்தப் புயலும் வந்து எதையும் உடைப்பதில்லை. பாதைகள் தொடக்கத்திலிருந்தே வேறுவிதமாகப் போடப்படுகின்றன. 46 நாட்களில் பாலத்தைச் சீரமைத்ததுபோல் ‘சரிசெய்து’ தருவதாகச் சொல்லும் விளம்பரங்களைக் கண்டால் இந்த வேறுபாடு நினைவில் இருக்க வேண்டும்.

பேசத் தொடங்கும் வயதில் மூளை என்ன செய்கிறது என்பதே அடிப்படைக் கேள்வி. இரண்டு வயதுக் குழந்தையை இரைச்சல் மிகுந்த கருவிக்குள் அசையாமல் படுக்க வைப்பது எப்படி? கலிபோர்னியாவின் சான் டியேகோவில் எரிக் கூர்செசுனி, கேரன் பியர்சு குழுவினர் எளிய வழியொன்றைப் பின்பற்றினர். இரவில் குழந்தை இயல்பாக உறங்கிய பின் கருவிக்குள் கிடத்தி, காதில் கதையை ஒலிக்கவிட்டனர். உறங்கும் மூளையும் பேச்சுக்கு எதிர்வினை காட்டும்.

அவ்வாறு 40 மதியிறுக்கக் குழந்தைகளையும் 40 மற்ற குழந்தைகளையும் ஒப்பிட்ட 2012ஆம் ஆண்டு ஆய்வில், மதியிறுக்கக் குழந்தைகளின் இடப் பொட்டு மடல் பேச்சொலிக்குக் குறைவாகவே எதிர்வினை காட்டியது. வலப்பக்கம் அந்த வேலையை ஏற்கும் போக்கு தெரிந்தது. வயது கூடக்கூட இந்தப் போக்கு வலுத்தது. 2015இல் மைக்கேல் லம்பார்டோ முதன்மை ஆசிரியராக இருந்து ‘நியூரான்’ இதழில் வெளியிட்ட ஆய்வு அடுத்த படிக்குச் சென்றது. முதலில் ஸ்கேன், பின்னர் குழந்தைகள் வளரும்வரை காத்திருந்து, பேச்சு நன்கு வந்தவர்கள், வராதவர்கள் என்று பிரித்துப் பழைய படங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். பேச்சு நன்கு வந்த மதியிறுக்கக் குழந்தைகளின் மேற்பொட்டுப் புறணி, மற்ற குழந்தைகளுடையதைப் போலவே இயங்கியிருந்தது. பேச்சு வராதவர்களிடம் அது ஏறத்தாழ அமைதியாக இருந்தது. அதாவது பேச்சு வருவதற்கு முன்பே வேறுபாடு மூளையில் இருந்தது.

மூளைப்படத்தையும் நடத்தைச் சோதனையையும் சேர்த்தால் பிற்கால மொழித்திறனை ஏறத்தாழ 80 விழுக்காடு சரியாகக் கணிக்கலாம் என்றும் அவ்வாய்வு கூறியது. ஆய்வுக்கூடத்துக்கு அது நல்ல எண். ஒரு தாயிடம் சொல்வதற்கு அது போதாது. ஐந்தில் ஒரு குழந்தைக்குத் தவறிவிடும்.

குரலின் மீதான விருப்பமும் இதில் பங்கு கொள்கிறது. 2013இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டேனியல் ஆப்ராம்ஸ், வினோத் மேனன் குழுவினர், மனிதக் குரலை இனங்காணும் பகுதிக்கும் மகிழ்வூட்டும் பகுதிகளுக்கும் இடையிலான இணைப்பு மதியிறுக்கக் குழந்தைகளிடம் தளர்ந்திருப்பதைக் கண்டனர். அம்மாவின் குரலைக் கேட்பதே ஒரு பரிசாக இருப்பதால்தான் மற்ற குழந்தைகள் நாளெல்லாம் அதில் தோய்கிறார்கள். அந்தப் பரிசு மங்கலாக இருந்தால் பேச்சு, மின்விசிறியின் ஓசையைப்போல் இன்னொரு ஓசையாகிவிடக்கூடும். ஒலியை வாங்கும் வேகமும் மாறுகிறது. பிலடெல்பியாவின் டிமோத்தி ராபர்ட்ஸ் குழுவினர் மூளையின் காந்தப்புலத்தை அளந்து, ஒலிக்கான எதிர்வினை இக்குழந்தைகளிடம் சுமார் 10 மில்லிநொடி தாமதிப்பதைக் கண்டனர். ‘பல்’, ‘பள்’ என்ற வேறுபாட்டைப் பிடிக்க மூளைக்குக் கிடைக்கும் நேரம் சில பத்து மில்லிநொடிகளே.

எல்லாம் எப்போது தொடங்குகிறது? இறந்த குழந்தைகள் 22 பேரின் மூளைத் திசுக்களை ஆராய்ந்து 2014இல் வெளிவந்த ஆய்வில், மதியிறுக்கமுள்ள 11 பேரில் 10 பேருக்கு முன்மடல், பொட்டு மடல் புறணிகளில் செல் அடுக்குகள் ஒழுங்கின்றி அமைந்த சிறு திட்டுகள் இருந்தன. மற்ற 11 பேரில் ஒருவரிடமே அது தென்பட்டது. இந்த அடுக்குகள் கருவிலேயே அமைபவை. சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆய்வு மையம் 2024 டிசம்பரில் ‘தரணி’ என்ற பெயரில் 5,132 நுண்வெட்டுகளைக் கொண்ட கருமூளை வரைபடத்தை வெளியிட்டது. இத்தகைய தொடக்கங்களைத் தேடுவதற்கு அது ஒரு கருவியாகும். தாய் சரியாகப் பேசவில்லை, தொலைக்காட்சியைப் போட்டுவிட்டாள், செல்போனைக் கொடுத்துவிட்டாள் என்று வீட்டார் சுமத்தும் பழிக்கு இந்தச் சான்றுகளில் இடமில்லை.

இராமச்சந்திரனும் கண்ணாடி நியூரான்களும்

தமிழகத்தில் 1951இல் பிறந்து சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி. எஸ். இராமச்சந்திரன் இத்துறையில் மிகுதியாகப் பேசப்பட்ட ஒரு விளக்கத்தை முன்வைத்தார். பிறர் ஒரு செயலைச் செய்வதைக் காணும்போதும், தானே அதைச் செய்யும்போதும் ஒன்றுபோல் இயங்கும் ‘கண்ணாடி நியூரான்கள்’ குரங்குகளில் கண்டறியப்பட்டிருந்தன. அவை இருந்த பகுதி மனிதனின் புரோக்கா பகுதிக்கு இணையானது. போலச்செய்தலின் வழியே பேச்சைக் கற்க இவை உதவுகின்றன, மதியிறுக்கத்தில் இவை செயல்குன்றியுள்ளன என்பது கருத்து. 2005இல் லிண்ட்சே ஓபர்மனுடன் 10 பேரிடம் மூளை மின்னலைகளை அளந்து அவர் ஆதரவு காட்டினார். பின்வந்த பல சோதனைகளில் அது ஒரே சீராக உறுதிப்படவில்லை. மதியிறுக்கமுள்ள பலர் பிறர் செயலின் நோக்கத்தை நன்கு புரிந்துகொள்கிறார்கள். அழகான கருத்து, தமிழ் இதழ்களில் இன்னும் நிறுவப்பட்ட உண்மைபோல் எழுதப்படுகிறது. அந்தத் தகுதியை அது அடையவில்லை.

தமிழ் கேட்டு வளரும் குழந்தை

மேற்சொன்ன ஆய்வுகளில் பெரும்பாலானவை ஆங்கிலம் பேசும் குழந்தைகளிடம் நடந்தவை. தமிழ்க் குழந்தையிடம் அதே சிரமம் வேறு உருவில் வெளிப்படும்.

கேட்டதைக் கேட்டபடியே திரும்பச் சொல்லும் ‘எதிரொலிப் பேச்சு’ மதியிறுக்கத்தில் பரவலானது. இதன் விளைவாக ‘நான்’ வரவேண்டிய இடத்தில் ‘நீ’ வரும் என்று கானரே குறிப்பிட்டார். தமிழில் எழுவாயைச் சொல்லாமலே பேசலாம். யார் என்பதை வினைமுற்றின் விகுதி காட்டிவிடும். “தண்ணி குடிக்கிறியா?” என்று அம்மா கேட்பாள். தாகமெடுத்த பிள்ளை வந்து, “தண்ணி குடிக்கிறியா” என்று சொல்லும். ‘நான்’, ‘நீ’ எதுவும் வரவில்லை. மாற்றம் விகுதிக்குள் ஒளிந்திருக்கிறது. ஆங்கில வினாப்பட்டியலை அப்படியே மொழிபெயர்த்துக் கேட்டால் இது தப்பிவிடும்.

உறவுச்சொல் இன்னும் சிக்கலானது. “அம்மா இப்ப வந்துர்றேன்” என்று தாய் தன்னையே அம்மா என்கிறாள். அவளே மகளை “இங்க வாம்மா” என்று அழைக்கிறாள். ஒரே சொல் பேசுபவளையும் கேட்பவளையும் சுட்டுகிறது. சூழலை வைத்துச் சொல்லின் பொருளை மாற்றிக்கொள்வதில் சிரமப்படும் மூளைக்கு இது கடினமான பாடம். கீழக்கரை வீடுகளில் தந்தையை அழைக்கும் சொல்லே வாப்பா. அதே ஒலி அடுத்த தெருவில் “வா அப்பா” என்று ஒரு சிறுவனைக் கூப்பிடுவதாக இருக்கும்.

எதிரொலிப் பேச்சைப் பொருளற்ற உளறல் என்று ஒதுக்குவது தவறு. இராமேசுவரம் ரயில் நிலையத்துக்கு அருகே வளரும் ஒரு சிறுவன், வெளியே போக விரும்பும்போதெல்லாம் “பயணிகளின் கனிவான கவனத்திற்கு” என்று அறிவிப்பாளரின் குரலிலேயே சொல்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவனுக்கு அந்தத் தொடர் முழுவதும் சேர்ந்து ஒரு சொல். அதன் பொருள் ‘போகலாம்’. பெற்றோர் “போகலாமா? போகலாம்” என்று சொல்லிக் கதவைத் திறந்தால், நீண்ட தொடரின் இடத்தில் சிறிய சொல் ஏற வழி உண்டாகும். பேச்சுப் பயிற்சியாளர்கள் செய்வதும் இதைத்தான்.

ஸ்கேன் அறையும் சோதனை அறையும்

மருத்துவமனையில் எடுக்கப்படும் வழக்கமான எம்ஆர்ஐ மூளையின் வடிவத்தைக் காட்டும். ஆய்வுக்கூடங்கள் அளக்கும் இயக்கத்தைக் காட்டாது. மதியிறுக்கமுள்ள குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அந்தப் படம் இயல்பாகவே வரும். வலிப்பு, தலைச் சுற்றளவில் மாறுபாடு, கைகால் தசைகளில் குறை போன்றவை இருந்தால் மருத்துவர் ஸ்கேன் கேட்பார்; பேச்சு வரவில்லை என்பதற்காக மட்டும் அது தேவையில்லை. படம் இயல்பாக வந்ததும் “ஒன்றுமில்லை, தானாகப் பேசும்” என்று குடும்பம் திரும்பிப் போய்விடுவதே உண்மையான ஆபத்து.

முதலில் செய்யவேண்டியது செவிச் சோதனை. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத குழந்தைக்குக் காது கேட்காமலும் இருக்கலாம். நெருங்கிய உறவில் மணமுடிக்கும் வழக்கமுள்ள தமிழகத்தில் பிறவிச் செவிக்குறை அரிதன்று. உறங்கும் குழந்தைக்கும் செய்யக்கூடிய ‘பெரா’ சோதனை இதைத் தெளிவாக்கும். மதியிறுக்கத்தை அறிய இந்தியாவில் பயன்படுவது ‘ஐசா’ எனப்படும் 40 கூறுகள் கொண்ட மதிப்பீட்டுப் பட்டியல். பெற்றோரிடம் கேட்டும் குழந்தையோடு விளையாடிப் பார்த்தும் நிரப்பப்படுவது. 70க்குக் குறைந்தால் மதியிறுக்கம் இல்லை. 153ஐத் தாண்டினால் கடுமையானது. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் நடக்கும் பரிசோதனையில் பேச்சுத் தாமதமும் மதியிறுக்கமும் அடங்கும். ஐயம் எழுந்தால் குழந்தை மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பப்பட வேண்டும். பள்ளியில் சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒன்றரை வயதில் ஒரு பொருளை விரலால் சுட்டிக் காட்டாமை, பெயருக்குத் திரும்பாமை, ஏற்கெனவே சொன்ன சொற்கள் மறைதல் ஆகிய மூன்றில் எது இருந்தாலும் போதும்.

இராமநாதபுர மாவட்டத்துக்கு இதில் தனி வரலாறு உண்டு. 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தனர். பின்னர் அங்கே வழிபாட்டுடன் மருத்துவத்தையும் இணைக்கும் திட்டம் வந்தது. மனிதரைச் சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் தடைசெய்கிறது. மதியிறுக்கம் மனநோய் அன்று. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதைத் தனியொரு மாற்றுத்திறனாகப் பட்டியலிடுகிறது. ஆயினும் பேசாத, திடீரென ஓடிவிடும் வளர்ந்த பிள்ளையை வைத்துக்கொண்டு திகைக்கும் பெற்றோர், விளக்கம் கிடைக்காத இடத்தில் கட்டிவைப்பதையே பாதுகாப்பு என்று எண்ணிவிடுகிறார்கள்.

நகரங்களில் ஆபத்து வேறு வடிவில் வருகிறது. வண்ண மூளைப்படங்களைக் காட்டி, ஸ்டெம் செல் ஊசியால் பேச்சு வரும் என்று விளம்பரம் செய்கிறார்கள். மதியிறுக்கத்துக்கு இச்சிகிச்சை பரிந்துரைக்கத்தக்கதன்று என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022 டிசம்பரில் அறிவித்துள்ளது.

பேச்சு வராதபோது

நான்கு வயதில் கடுமையான மொழித் தாமதம் இருந்த, எட்டு வயதைக் கடந்த 535 மதியிறுக்கக் குழந்தைகளின் தரவுகளை ஆராய்ந்த 2013ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வில், 70 விழுக்காட்டினர் சொற்றொடர்களையும் 47 விழுக்காட்டினர் சரளமான பேச்சையும் எட்டியிருந்தனர். ஐந்து வயதுக்குள் பேசாவிட்டால் முடிந்தது என்ற பழைய கணக்கு இதனால் தளர்ந்தது. வாய்மொழி வராத குழந்தைக்கும் மொழி இருக்கலாம். வெளியேறும் வழிதான் அடைபட்டிருக்கிறது. படத்தைத் தொட்டால் சொல்லை ஒலிக்கும் கருவிகள் அதற்கானவை. சென்னையில் அஜித் நாராயணன் உருவாக்கிய ‘ஆவாஸ்’ செயலி தமிழிலும் இயங்குகிறது. கருவி கொடுத்தால் பிள்ளை பேசச் சோம்பிவிடும் என்ற அச்சம் பரவலாக உண்டு. மிகக் குறைவாகப் பேசிய 61 சிறுவர்களிடம் 2014இல் நடந்த சோதனை எதிர்மாறாகக் காட்டியது: தொடக்கம் முதலே கருவியும் பெற்றவர்கள், பெறாதவர்களைவிடக் கூடுதலாகத் தாமாகப் பேசினர்.

வீட்டு மொழியைக் கைவிடச் சொல்லும் அறிவுரையும் பல குடும்பங்களுக்குக் கிடைக்கிறது. பிள்ளை குழம்பும், ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்பார்கள். பரமக்குடி நெசவாளர் வீடுகளில் சௌராட்டிரமும் தெருவில் தமிழும் ஒலிக்கின்றன. இருமொழிச் சூழலில் வளரும் மதியிறுக்கக் குழந்தைகளை ஒருமொழிக் குழந்தைகளுடன் ஒப்பிட்ட ஆய்வுகள், இரண்டாம் மொழியால் கூடுதல் தாமதம் ஏற்படுவதாகக் காணவில்லை. குழந்தையோடு நாள்முழுதும் இருப்பவர் தாயோ பாட்டியோ. அவர்களுக்கு இயல்பாக வராத மொழியில் பேசச் சொன்னால் பேச்சே குறைந்துவிடும். ‘மம்மு’, ‘இங்கா’ என்று இழுத்தும் ஏற்றியும் கொஞ்சும் குழந்தைப் பேச்சை அயல்மொழியில் யாரும் பேசுவதில்லை. அத்தகைய கொஞ்சுமொழிக்கு மேற்பொட்டுப் புறணி எப்படி எதிர்வினை காட்டுகிறது என்பதையே சான் டியேகோ குழுவினர் 2022இல் வெளியிட்ட ஆய்வில் அளந்திருக்கிறார்கள். எதிர்வினை மிகக் குறைவாக இருந்த குழந்தைகளிடம் பழகும் திறனும் மொழித்திறனும் மிகக் குறைவாக இருந்தன.